நிலம் இழந்த செரோக்கி மக்கள்

யாழ்ப்பாணத்துக் கல்வி வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் அமெரிக்க மிஷனைக் குறிப்பிடாது அப்பால் செல்லல் இயலாது. 1816ஆம் ஆண்டில் அம்மிஷனார் இங்கு வந்ததும், 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி எழுந்ததும், 1841இல் ‘உதயதாரகை’ வெளிவரத் தொடங்கியதும் நம் மாணவர் அறிந்தவை. அவர்களை இங்கு அனுப்பிய அதே அமெரிக்கச் சங்கம், 1817ஆம் ஆண்டில், தன் நாட்டிலேயே வாழ்ந்த ஒரு பழங்குடி மக்களிடையும் பிரெய்னேர்ட் என்னும் இடத்தில் ஒரு பாடசாலையை நிறுவிற்று. அம்மக்களே செரோக்கியர். ஒரே சங்கத்தின் பணியை இரு கரைகளிலும் ஒப்புநோக்கும் விருப்பாலேயே நான் அவர்தம் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க மிஷனின் கதை பின்னே செல்ல, அம்மக்களின் கதையே என் சிந்தையில் நின்றது.

அப்பலேச்சியன் மலைத்தொடரின் தென்பகுதியே செரோக்கியரின் தாயகம். இன்று வட கரோலினா, ரெனசி, ஜோர்ஜியா முதலிய மாநிலங்களாகப் பிரிந்து கிடக்கும் அம்மலைநாட்டில், ஆற்றங்கரைகளை அடுத்து அவர்தம் ஊர்கள் அமைந்திருந்தன. ஊர் நடுவே மன்று. அதனைச் சூழ வீடுகள். அவற்றுக்கப்பால் சோளமும் அவரையும் பூசணியும் விளையும் வயல்கள். ஆடவர் வேட்டைக்கும் போருக்கும் உரியர். வயலும் வீடும் பெண்டிர்க்கு உரியன. சோளத்துக்கு அவர்கள் மொழியில் வழங்கும் ‘சேலு’ என்னும் பெயரே, அவர்தம் புராணக் கதையிலே உலகின் முதற் பெண்ணுக்கும் பெயராகும். அவள் குருதி சிந்திய நிலத்திலேயே சோளம் முளைத்தது என்பது அக்கதை.

அச்சமூகத்தின் அச்சாணி குலம். ஓநாய், மான், பறவை முதலாக ஏழு குலங்கள் இருந்தன. குலம் தாய்வழியே வந்தது. ஒரே குலத்தார் தம்முள் மணஞ்செய்யார். மணந்த ஆடவன் மனைவியின் இல்லத்திற் சென்று வாழ்ந்தான். பிள்ளைகளை நெறிப்படுத்தும் கடமை தந்தையைவிடத் தாய்மாமனையே பெரிதும் சார்ந்திருந்தது. இம்முறையின் வலிமைக்கு ஒரு சான்று கூறுவேன். 1828ஆம் ஆண்டு தொடக்கம் 1866இல் இறக்கும் வரை அம்மக்களின் பெருந்தலைவராய் விளங்கிய ஜோன் றொஸ் என்பார், உடற்குருதியைக் கணக்கிட்டால் எட்டில் ஒரு பங்கே செரோக்கியர். அவர் தந்தையோ ஸ்கொத்லாந்து வழியினர். ஆயினும் தாயும் பாட்டியும் பறவைக் குலத்தவராதலின், தம் மக்களின் கண்ணில் அவர் முழுச் செரோக்கியரே.

பெண்டிருள் சிறந்தோர்க்குக் ‘கிகாவு’ என்னும் பட்டம் அளிக்கப்பட்டது. அதனைப் பெற்றோர் மன்றிலே பேசவும், சிறைப்பட்டோரின் உயிரைக் காக்கவும் உரிமையுடையர். 1755ஆம் ஆண்டுப் போரிலே கணவன் வீழ்ந்தபோது அவன் இடத்தில் நின்று பொருத நான்சி வோட் அப்பட்டம் பெற்றவர். 1817ஆம் ஆண்டில், முதுமையெய்திய அவரும் வேறு பல பெண்டிரும் தேசிய மன்றத்துக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பினர். தாயர் என்ற நிலையில் நின்று அவர்கள் வேண்டியது ஒன்றே: இனியும் நிலத்தை விட்டுக்கொடுக்க வேண்டாம் என்பது.

இதே காலத்தில், நாகரிகம் அடைந்தால் நிலத்தில் நிலைத்திருக்கலாம் என்னும் நம்பிக்கை செரோக்கித் தலைவரிடையே வேரூன்றியிருந்தது. குலப்பழி வாங்கும் வழக்கத்தை 1810இல் ஒழித்தனர். ஆங்கிலம் படிக்க அறியாத சிக்குவோயா என்னும் கம்மியர், பல்லாண்டு உழைத்துத் தம் மொழிக்கு எழுத்துகளை ஆக்கி, தம் சிறு மகளுக்கு முதலிற் கற்பித்து, 1821இல் ஊரார்க்குக் காட்டினார். அவை அசை எழுத்துகள். நம் உயிர்மெய்களில் மெய்யின் வடிவு பெரும்பாலும் தொடர்ந்து நிற்கும். அவர் முறையிலோ ஒவ்வோர் அசைக்கும் தனி வடிவு. இன்று வழங்குவன 85. சில ஆண்டுகளிலேயே அம்மக்களுள் மிகப் பலர் எழுதப் படிக்க அறிந்தனர். 1828இல் ‘செரோக்கி பீனிக்ஸ்’ என்னும் பத்திரிகை இரு மொழிகளில் வெளிவந்தது. அதன் ஆசிரியர் எலியாஸ் பூடினோ, முன்னர்க் கூறிய சங்கத்தாரின் பாடசாலையிற் பயின்ற செரோக்கியர். அவர்க்குத் துணைநின்ற சாமுவேல் வூஸ்ரர் அச்சங்கத்து மிஷனறி.

1827இல் அவர்கள் அமெரிக்க அரசியலமைப்பைத் தழுவித் தமக்கும் ஒன்றை இயற்றினர். நிலம் நாட்டினர் அனைவர்க்கும் பொது என்று அது விதித்தது. ஆனால் வாக்குரிமையை ஆடவர்க்கே அளித்தது. ஆபிரிக்க வழித்தோன்றல்களையும் விலக்கிற்று. செல்வரான செரோக்கியர் சிலர் தோட்டங்களில் கறுப்பின அடிமைகளை வைத்திருந்ததும் மறைத்தற்குரியதன்று. 1835ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அவ்வடிமைகள் 1,500க்கு மேற்பட்டோர். நாகரிகம் என்று அயலார் நீட்டியதைப் பெற்றபோது, அயலாரின் குற்றங்களும் உடன் வந்தன.

இத்தனையும் செய்தும் பயன் யாது? அந்நாட்டிற் பொன் கிடைக்கும் செய்தி பரவவே, ஜோர்ஜியா மாநிலம் தன் சட்டத்தைச் செரோக்கியர்மேற் செலுத்தியது. 1830இல் அமெரிக்கக் காங்கிரஸ், பழங்குடியினரை மிசிசிப்பிக்கு மேற்கே அகற்றும் சட்டத்தை நிறைவேற்றியது. மாநிலத்தின் அனுமதியின்றிச் செரோக்கி நாட்டில் வாழ்ந்தமைக்காக வூஸ்ரர் சிறையிடப்பட்டார். அவ்வழக்கில், 1832ஆம் ஆண்டு, ஜோர்ஜியாவின் சட்டம் அங்குச் செல்லாது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு ஏட்டில் நின்றது. அதே ஆண்டில் செரோக்கியரின் வயல்கள் லொத்தர்ச் சீட்டு மூலம் வெள்ளையர்க்குப் பங்கிடப்பட்டன.

எதிர்த்துப் பயனில்லை எனக் கருதிய சிலர், 1835 டிசெம்பரில், ஐம்பது இலட்சம் டொலருக்குத் தாயகத்தைக் கையளிக்கும் உடன்படிக்கையிற் கையெழுத்திட்டனர். பூடினோவும் அவருள் ஒருவர். அவர்க்கு அவ்வதிகாரத்தை நாடு அளித்திலது. கையெழுத்திட்டோருள் ஒரு பெண்ணும் இல்லை. 15,000க்கு மேற்பட்டோர் பெயரால் எதிர்ப்பு மனு சென்றும், செனற் சபை ஒரே வாக்கு மேலதிகத்தால் அதனை ஏற்றது.

1838இல் படைவீரர் வந்தனர். மக்கள் வீடுகளினின்று பிடிக்கப்பட்டு முகாம்களில் அடைக்கப்பட்டனர். நோய் பலரைக் கொண்டது. எஞ்சியோர் குளிர்காலத்தில் மேற்கே நடத்திச் செல்லப்பட்டனர். அகற்றப்பட்டோர் ஏறத்தாழ 16,000. இறந்தோர் ஏறத்தாழ 4,000 என மதிப்பிடுவர். ‘கண்ணீர்ப் பாதை’ என வரலாறு கூறுவது இதனையே. செரோக்கியரின் அடிமைகளும் அப்பாதையில் நடந்தனர். உடன்படிக்கையிற் கையெழுத்திட்ட பூடினோவும் வேறிருவரும் 1839 ஜூனில் தம்மவராலேயே கொல்லப்பட்டனர்.

பெண்டிரின் சொல்லை மன்று இறுதிவரை கேட்டிருப்பின் நிலம் தப்பியிருக்கும் என்று நான் கூறேன். படைப்பலத்தின் முன் அச்சொல்லும் தோற்றிருக்கலாம். ஆனால் நிலத்தைக் காப்பதற்கென்றே அவர்கள் தம் பழைய முறைகளை மாற்றினர். அம்மாற்றத்தில், நிலத்தை விடாதீர் என்று கூறுதற்கு யாவரினும் உரிமையுடைய குரல் மன்றினின்று வெளியேறிற்று. நிலமும் நிலைக்கவில்லை. இவ்விரட்டை இழப்பையே நம் மாணவர் ஊன்றி நோக்கல் வேண்டும்.

இன்று செரோக்கியர் ஒக்லஹோமாவில் இரு சமூகங்களாகவும், மலைகளிலே எஞ்சி நின்றவர் வழிவந்தோர் வட கரோலினாவில் ஒரு சமூகமாகவும் வாழ்கின்றனர். 1985இல் வில்மா மான்கில்லர் என்னும் பெண்மணி ஒக்லஹோமாவிலுள்ள செரோக்கி நேஷனின் பெருந்தலைவரானார். அப்பதவியேற்ற முதற் பெண் அவரே. தொன்மை மிக்க தாயூராகிய கிற்றுவாவை, 1996இல், கிழக்குச் செரோக்கியர் விலைகொடுத்து மீட்டனர். சிக்குவோயாவின் எழுத்து இன்று கணினியிலும் வழங்குகின்றது. ஆயினும் அவ்வெழுத்துக்குரிய மொழியைத் தாய்மொழியாகப் பேசுவோர் பெரும்பாலும் முதியோராய்ச் சில ஆயிரவராகக் குறைந்துவிட்டனர். 2019இல் மூன்று சமூகங்களும் கூடி மொழிக்கு நெருக்கடி நிலையைப் பிரகடனஞ் செய்தன. சிறுவர்க்குச் செரோக்கி மொழியிலேயே பாடம் சொல்லும் பள்ளிகள் அங்கு நடைபெறுகின்றன. முதியோர் மறைவதற்குள் அச்சிறுவர் பேசக் கற்றுக்கொள்வரா என்பதே இப்பொழுது அம்மக்களின் முன்னுள்ள வினா.