நாக்குக்குத் தெரியாத தண்ணீர்க் கோளாறு



கோயமுத்தூர்ப் பக்கம் தண்ணியைப் பற்றிப் பேச்செடுத்தால் சிறுவாணிதான் முதலில் வரும். வாயில் ஊற்றிப் பார்த்துத் தரம் சொல்வது நம் வழக்கம். இனித்தால் நல்ல தண்ணி. கரித்தால் உப்புத் தண்ணி, அது மாட்டுக்கும் பாத்திரம் கழுவவும் ஆகும். இந்தக் கணக்கு பாதிதான் சரி.

போர்க்குழாய் ஆயிரம் அடிக்குப் போன தோட்டங்களில் உப்பும் கடினத்தன்மையும் ஏறிய தண்ணி வருவது உண்டு. பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, போசியின் அடியில் வெள்ளையாகப் படியும். இந்தியத் தரக் கணக்குப்படி கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு தண்ணி கிடைக்காத இடத்தில் 2,000 வரை விட்டிருக்கிறார்கள். ஆகவே கொஞ்சம் கரிக்கிறது என்பதாலேயே பயப்பட வேண்டாம். சாயக் கழிவால் நொய்யலோரக் கிணறுகள் கெட்டபோது அந்தக் கரிப்புத்தான் நம்மை எச்சரித்தது என்பதும் உண்மை.

எச்சரிக்காமல் வருவது ஒன்று இருக்கிறது. அதுதான் நைட்ரேட். நிறமில்லை, மணமில்லை, குடித்தாலும் தெரியாது. இதற்கு எல்லை லிட்டருக்கு 45 மில்லிகிராம்; வேறு தண்ணி இல்லை என்ற சலுகை இதற்குக் கிடையாது. எங்கிருந்து வருகிறது என்கிறீர்களா? நாம் போடும் யூரியா, கிணற்றுமேட்டுக் குப்பைக்குழி, கட்டுத்தரை மூத்திரம், கக்கூஸ் குழி. எல்லாம் மழைத்தண்ணியோடு இறங்கிக் கிணற்றில் சேருகிறது.

1945ஆம் ஆண்டு அமெரிக்காவில் அயோவா மாநிலத்து மருத்துவர் காம்லி, பண்ணை வீட்டுக் கைக்குழந்தைகள் நீலம் பாரித்ததைப் பற்றி எழுதினார். புட்டிப்பாலைக் கலந்தது கிணற்றுத் தண்ணியில். அந்தத் தண்ணியில் நைட்ரேட் ஏராளம். அது குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க விடாமல் செய்துவிடுகிறது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத்தான் ஆபத்து அதிகம். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளைக்கு இந்தத் தொல்லை வராது.

"கொதிக்க வெச்சுத்தானுங்க குடுக்கறோம்" என்பீர்கள். கிருமி சாகும், நைட்ரேட் சாகாது. ஒரு லிட்டரை அரை லிட்டராகச் சுண்ட வைத்தால் அதன் செறிவு இரண்டு மடங்காகும்! துணியில் வடிகட்டினாலும் போகாது. ஆர்.ஓ. கருவி பெரும்பகுதியைக் குறைக்கும். அதைவிடச் சுலபம், பிள்ளைக்கு மட்டுமாவது சோதித்த வேறு தண்ணியைக் கொண்டுவருவது.

கிருமி விஷயத்தில் கொதிக்க வைப்பதே கைகண்ட வழி. தொட்டித் தண்ணிக்கு 1,000 லிட்டருக்கு இரண்டரை கிராம் நல்ல பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் விடுங்கள். ஈரம் பட்டுக் கட்டி தட்டிய பழைய பவுடரில் வீரியம் இராது.

சோதனைக்குத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தை அணுகலாம். மோட்டாரைச் சற்று நேரம் ஓடவிட்டு, சுத்தமான கேனை அதே தண்ணியில் மூன்று தரம் அலசிப் பிடியுங்கள். கிருமிச் சோதனைக்கு அவர்கள் தரும் புட்டியை மட்டும் அலசக் கூடாது. நைட்ரேட்டும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மழைக்கு முன் ஒரு தரம், மழை முடிந்து ஒரு தரம் கொடுத்தால் கிணற்றுக்குள் என்ன இறங்கியது என்று தெரிந்துபோகும்.