பிரிட்டிஷ் கார், அமெரிக்க முடிவு: பிரிட்டனில் ஃபோர்டின் நூறாண்டுக் கதை

பிரிட்டனில் 2009 முதல் 2020 வரை ஆண்டுதோறும் அதிகம் விற்பனையான கார் ஃபோர்டு ஃபியஸ்டா. அங்குள்ள பலருக்கு ஃபோர்டு அயல்நாட்டு நிறுவனமாகத் தோன்றுவதில்லை. அப்பா ஓட்டியது ஃபோர்டு, தாத்தா வேலை பார்த்தது ஃபோர்டு ஆலை என்று சொல்லும் குடும்பங்கள் ஏராளம். ஆனால் அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் விற்ற ஃபியஸ்டாக்களில் ஒன்றுகூட பிரிட்டனில் பொருத்தப்பட்டதல்ல. இது எப்படி நேர்ந்தது என்பதைப் புரிந்துகொள்ள, ஃபோர்டின் பிரிட்டிஷ் துணை நிறுவனத்தின் வரலாற்றைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

ஹென்றி ஃபோர்டின் நிறுவனம் பிரிட்டனில் கிளை தொடங்கியது 1909ல். பெர்சிவல் பெர்ரி என்ற ஆங்கிலேயர்தான் அதன் தூண். 1911ல் மான்செஸ்டரை அடுத்த டிராஃபோர்டு பார்க்கில் ஆலை திறக்கப்பட்டது. அமெரிக்காவிலிருந்து பாகங்கள் கப்பலில் வரும், இங்கே பொருத்தி விற்பார்கள். மலிவான 'மாடல் டி' கார் நன்றாக விற்றது. 1913ல் பிரிட்டனின் மிகப்பெரிய கார் தயாரிப்பாளர் ஃபோர்டுதான்.

அதைக் கவிழ்த்தது ஒரு வரி. 1921 முதல் கார்களின் சாலை வரியை, ஒரு குதிரைத்திறனுக்கு ஒரு பவுண்டு என்று பிரிட்டிஷ் அரசு நிர்ணயித்தது. அந்தக் குதிரைத்திறன் என்ஜின் உண்மையில் தரும் சக்தியை அளந்து வருவதல்ல. சிலிண்டர் எத்தனை, அதன் விட்டம் எவ்வளவு என்று மட்டும் பார்த்துப் போடும் கணக்கு அது. பெட்ரோல் மலிவாகக் கிடைத்த அமெரிக்காவுக்காக, அகன்ற சிலிண்டர்களோடு வடிவமைக்கப்பட்டது மாடல் டி. அதற்கு ஆண்டுக்கு 23 பவுண்டு வரி விழுந்தது. 1922ல் வந்த ஆஸ்டின் செவனுக்கு வெறும் 8 பவுண்டு. வாங்குவோர் எந்தப் பக்கம் போவார்கள் என்று சொல்லத் தேவையில்லை. டெட்ராய்ட்டில் வரைந்த காரை அப்படியே இங்கே விற்றுவிடலாம் என்ற நினைப்பு அதோடு முடிந்தது.

1928ல் நிறுவனம் புதிதாக அமைக்கப்பட்டது. 60 சதவீதப் பங்கு அமெரிக்கத் தாய் நிறுவனத்திடம் இருந்தது, மீதி 40 சதவீதம் பொதுமக்களுக்கு விற்கப்பட்டது. லண்டனுக்குக் கிழக்கே, தேம்ஸ் நதிக்கரையின் சதுப்பு நிலமான டாகன்ஹாமில் பெரிய ஆலை ஒன்று எழுந்தது. 1929 மே மாதம் ஹென்றியின் மகன் எட்செல் ஃபோர்டு வந்து மண் வெட்டி வேலையைத் தொடங்கி வைத்தார். சேற்று நிலம் என்பதால் ஆயிரக்கணக்கான கான்கிரீட் தூண்களை ஆழமாக இறக்கிய பிறகுதான் அடித்தளம் போட முடிந்தது. 1931 அக்டோபரில் முதல் வண்டி வெளியே வந்தது. சொந்தத் துறைமுக மேடை, சொந்த மின் நிலையம், பிறகு இரும்பு உருக்கும் ஊதுலை என ஆலையே ஒரு ஊர்போல இருந்தது. அயர்லாந்தின் கார்க் நகரில் இருந்த ஃபோர்டு ஆலையிலிருந்து பல தொழிலாளர்கள் இங்கே குடிபெயர்ந்தார்கள். விடுமுறையில் ஊர் திரும்பும்போது அவர்களுக்குக் கிடைத்த பட்டப்பெயர் 'டாகன்ஹாம் யாங்கிகள்'. வெளிநாட்டுச் சம்பாத்தியக்காரரை ஊர் பார்க்கும் பார்வை எங்கும் ஒன்றுதான் போலும்!

1932ல் வந்த 'மாடல் ஒய்', அமெரிக்காவுக்கு வெளியே உள்ள சந்தைக்கென்றே ஃபோர்டு உருவாக்கிய முதல் கார். சிறிய என்ஜின், வரி 8 பவுண்டு. 1935ல் அதன் விலையை 100 பவுண்டாகக் குறைத்தார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், போர் விமானங்களுக்கான மெர்லின் என்ஜின்கள் 30,000க்கும் மேல் மான்செஸ்டர் பகுதியில் ஃபோர்டு நடத்திய ஆலையில் உருவாயின. போர் முடிந்தபோது ஃபோர்டை 'அயலார்' என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. 1950களில் டாகன்ஹாமில் சுமார் 40,000 பேர் வேலை செய்தார்கள்.

ஆனால் உடைமை வேறு திசையில் நகர்ந்தது. 1960ன் இறுதியில், வெளியாரிடம் எஞ்சியிருந்த பங்குகள் அனைத்தையும் வாங்கிவிட அமெரிக்கத் தாய் நிறுவனம் முன்வந்தது. ஏறக்குறைய 13 கோடி பவுண்டு! நாடாளுமன்றத்தில் இது விவாதமானது. சில உறுதிமொழிகளைப் பெற்றுக்கொண்டு அரசு அனுமதித்தது. அன்று முதல் பிரிட்டிஷ் ஃபோர்டுக்கு ஒரே உரிமையாளர்தான். அதற்கு முன்பும் பெரும்பான்மைப் பங்கு அமெரிக்கர்களிடமே இருந்தது என்பது உண்மை. என்றாலும் ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் கேள்வி கேட்கும் உள்ளூர்ப் பங்குதாரர் என்று ஒருவர் இருந்தார். இனி அவரும் இல்லை.

1962ல் வந்த கார்ட்டினா பெரும் வெற்றி. லிவர்பூலுக்கு அருகே ஹேல்வுட்டில் 1963ல் இன்னொரு ஆலை வந்தது. இந்தச் செழிப்பான காலத்தில்தான் டாகன்ஹாமின் மிகப் பெரிய நிகழ்வும் நடந்தது.

கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் வேலையில் 187 பெண்கள் இருந்தார்கள். துணி, ரெக்சின் துண்டுகளை வடிவம் பிசகாமல் தைத்து இணைப்பது எளிதல்ல. வேலையில் சேரவே தையல் தேர்வில் தேற வேண்டும். ஆனால் 1968ல் நிறுவனம் வேலைகளைத் தரம் பிரித்தபோது, அவர்களைத் தேர்ச்சி தேவைப்படாத 'பி' தரத்தில் போட்டது. அதிலும் அதே தரத்து ஆணுக்குக் கிடைத்த கூலியில் 85 சதவீதம்தான் அவர்களுக்கு. ஜூன் 7 அன்று வேலையை நிறுத்தினார்கள். ஹேல்வுட் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். இருக்கை இல்லாமல் காரை விற்க முடியாது. கையிருப்பு உறைகள் தீர்ந்ததும் உற்பத்தியே நின்றது. மூன்று வாரம் கழித்து அமைச்சர் பார்பரா காசில் அவர்களைத் தன் அலுவலகத்துக்கு அழைத்துப் பேசினார். கூலி ஆண்களின் விகிதத்தில் 92 சதவீதமாக உயர்ந்தது. 1970ல் சம ஊதியச் சட்டம் நிறைவேற இந்தப் போராட்டம் முக்கியக் காரணம். பலரும் கதையை இங்கே நிறுத்திவிடுவார்கள். அந்தப் பெண்களின் முதல் கோரிக்கை சம கூலி அல்ல, தங்கள் வேலை தேர்ச்சியுள்ள வேலை என்ற அங்கீகாரம். அது 1984ல் இன்னொரு வேலைநிறுத்தத்துக்குப் பிறகே கிடைத்தது.

187 பேரால் அவ்வளவு பெரிய ஆலையை நிறுத்த முடிந்ததற்குக் காரணம், அந்த உறைகளுக்கு வேறு வழி இல்லாததுதான். அந்த நிலை மாறத் தொடங்கிவிட்டது. 1967லேயே 'ஃபோர்டு ஆஃப் யூரோப்' என்ற அமைப்பு உருவாகி, பிரிட்டிஷ், ஜெர்மன் ஃபோர்டுகள் ஒரே திட்டத்தின் கீழ் வந்தன. ஒரே கார் இரண்டு நாடுகளில் தயாரானது. 1976ல் ஸ்பெயினின் வாலென்சியா ஆலையும் சேர்ந்தது. ஓரிடத்தில் வேலை நின்றால் இன்னோரிடத்திலிருந்து கார் வரும். பிரிட்டனில் விற்ற ஃபோர்டு கார்களில் இறக்குமதியின் பங்கு ஏறிக்கொண்டே போனது. தொழிலாளியின் கையிலிருந்த பிடி தளர்ந்தது இப்படித்தான். தொழிற்சங்கங்களை ஒடுக்கியதாலேயே எல்லாம் நடந்தது என்பது பாதிக் கதை.

இதற்கிடையே டாகன்ஹாமின் முகம் மாறியிருந்தது. கரீபியத் தீவுகளிலிருந்தும் இந்தியா, பாகிஸ்தானிலிருந்தும் வந்தவர்கள் பெரும் எண்ணிக்கையில் வேலை செய்தார்கள். 1996ல் ஒரு விளம்பரம் வெளியானது. ஊழியர்கள் சேர்ந்து நிற்கும் பழைய புகைப்படம்தான், ஆனால் கறுப்பின, ஆசியத் தொழிலாளர்களின் முகங்கள் வெள்ளையர் முகங்களாக மாற்றப்பட்டிருந்தன. போலந்து நாட்டு விளம்பரத்துக்காகத் திருத்திய படம் தவறுதலாக இங்கே வந்துவிட்டது என்றது நிறுவனம். மன்னிப்புக் கேட்டு இழப்பீடும் தந்தது. அப்படியானால் போலந்துக்கு எதற்காகத் திருத்தினார்கள்? அந்தக் கேள்வியை இழப்பீடு தீர்த்துவிடவில்லை.

2000 மே மாதம் அறிவிப்பு வந்தது. 2002 பிப்ரவரியில் டாகன்ஹாமின் கடைசி ஃபியஸ்டா வெளியேறியது. அங்கே தயாரான கார்கள் ஏறத்தாழ 1.1 கோடி. 2013ல் சவுத்தாம்ப்டன் வேன் ஆலை மூடப்பட, அந்த வேலை துருக்கிக்குப் போனது. பிரிட்டனில் முழு ஃபோர்டு வாகனம் தயாராவது அதோடு நின்றது. 2020ல் வேல்ஸின் பிரிட்ஜெண்ட் என்ஜின் ஆலையும் மூடப்பட்டது. சென்னையை அடுத்த மறைமலைநகர்த் தொழிலாளர்கள் இதைச் சொல்லாமலே புரிந்துகொள்வார்கள். 2021 செப்டம்பரில் அவர்களுக்கும் இதே நிறுவனத்திடமிருந்து இதே வகை அறிவிப்பு வந்தது.

ஹேல்வுட்டில் மின்சார வாகனங்களுக்கான பாகங்களைத் தயாரிக்க ஃபோர்டு முதலீடு செய்திருக்கிறது. டாகன்ஹாமில் எஞ்சியிருப்பது டீசல் என்ஜின் தயாரிப்பு. அந்த என்ஜின்கள் வேறு நாடுகளுக்குப் போய், அங்கே வேன்களில் பொருத்தப்படுகின்றன. அந்த வேன்களில் பல பிரிட்டனுக்கே விற்பனைக்குத் திரும்பி வருகின்றன.