யூ.பி.எஸ். பேட்டரியை எப்போது மாற்ற வேண்டும்?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் மானிட்டரையும் கீபோர்டையும் துடைத்துத் துடைத்து வைப்போம். மேஜைக்கு அடியில் இருக்கும் யூ.பி.எஸ். பக்கம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மின்சாரம் போன அதே விநாடியில் கம்ப்யூட்டரும் அணைந்தால்தான் அதன் நினைவு வரும். அதற்குள் சேமிக்காத வேலை போயிருக்கும். ஹார்ட் டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருந்த பைல் கெட்டிருக்கலாம். விண்டோஸ் அப்டேட் நடந்துகொண்டிருந்தால் அடுத்த முறை கம்ப்யூட்டர் பூட் ஆகாமலும் போகலாம்.

"நெய்வேலி பக்கத்தில்தானே இருக்கிறது, சேத்தியாத்தோப்பில் கரண்ட் போகுமா?" என்று வெளியூர் நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு. மின் நிலையம் பக்கத்தில் இருந்தாலும் மின்சாரம் கம்பி வழியாகத்தானே வர வேண்டும்? 2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது எங்கள் மாவட்டத்தில் மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. அத்தனை நாட்களும் சார்ஜ் இறங்கிய நிலையில் கிடந்த பேட்டரிகளுக்கு அதுவே பெரிய கேடு. ஏன் என்று பார்ப்போம்.

உள்ளே என்ன நடக்கிறது?

வீட்டு யூ.பி.எஸ். பெரும்பாலானவற்றில் இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் அளவுள்ள, மூடப்பட்ட ஈய அமில பேட்டரி. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுவதுபோல இதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. சார்ஜ் இறங்கும்போது ஈயத் தகடுகளின் மேல் ஈய சல்பேட் படிகிறது. உடனே சார்ஜ் ஏற்றினால் அது கரைந்துவிடும். நாள் கணக்கில் அப்படியே விட்டால் இறுகிப் படிகமாகிவிடும். அதன் பிறகு எவ்வளவு நேரம் சார்ஜ் செய்தாலும் பழைய திறன் வராது.

இரண்டாவது எதிரி வெப்பம். இந்த பேட்டரியின் ஆயுளை 25 டிகிரி செல்சியஸை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். அதற்கு மேல் ஏறக்குறைய ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகக் குறையும். சித்திரை, வைகாசி வெயிலில் நம் அறைகள் இருக்கும் சூட்டுக்கு, பெட்டியில் போட்டிருக்கும் ஆயுளை நம்ப வேண்டாம். இரண்டு ஆண்டுகள் முடிந்ததும் சோதிக்க ஆரம்பித்துவிடுங்கள்.

அறிகுறிகள் என்ன?

1. முன்பு 15 நிமிடம் தாங்கிய யூ.பி.எஸ். இப்போது 5 நிமிடம்கூடத் தாங்கவில்லை.
2. மின்சாரம் இருக்கும்போதே அடிக்கடி பீப் ஒலி கேட்கிறது; அல்லது பேட்டரிக்கான சிவப்பு விளக்கு எரிகிறது.
3. யூ.பி.எஸ். பெட்டி வழக்கத்தைவிடச் சுடுகிறது. அழுகிய முட்டை போன்ற வாடை வருகிறது.
4. பேட்டரி பக்கவாட்டில் உப்பியிருக்கிறது.

கடைசி இரண்டில் ஒன்று தெரிந்தாலும் சோதனை எதுவும் வேண்டாம். உடனே அணைத்து, பிளக்கைப் பிடுங்கி வைத்துவிடுங்கள்.

வீட்டிலேயே சோதிக்கலாம்

யூ.பி.எஸ்.ஸை 8 மணி நேரம் சார்ஜ் ஏற விடுங்கள். பைல்களை எல்லாம் சேமித்து, கம்ப்யூட்டரை முறைப்படி ஷட்டவுன் செய்து, அதன் இணைப்பை எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக 60 வாட் குண்டு பல்பு ஒன்றை யூ.பி.எஸ்.ஸில் மாட்டி, சுவரில் உள்ள மெயின் சுவிட்சை அணையுங்கள். பல்பு எத்தனை நிமிடம் எரிகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். யூ.பி.எஸ். புதிதாக இருக்கும்போதே இதைச் செய்து, தேதியையும் நிமிடத்தையும் ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டிவிடுங்கள். பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பிடுங்கள். நேரம் பாதியாகக் குறைந்திருந்தால் பேட்டரியை மாற்றும் காலம் வந்துவிட்டது. சோதனை முடிந்ததும் மறக்காமல் மீண்டும் சார்ஜ் போடுங்கள்.

மெக்கானிக்கிடம் மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். முழு சார்ஜ் ஆகி, சில மணி நேரம் சும்மா இருந்த நல்ல பேட்டரி 12.7 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டும். 10.5 வோல்ட் அளவில் நின்றால் உள்ளே உள்ள 6 செல்களில் ஒன்று போய்விட்டது என்று பொருள்.

பேட்டரிதானா என்று உறுதி செய்யுங்கள்

எல்லாப் பழியையும் பேட்டரி மேல் போடக் கூடாது. 600 வி.ஏ. யூ.பி.எஸ். தாங்கக்கூடியது சுமார் 360 வாட்தான். அதில் லேசர் பிரிண்டரை மாட்டினால் புதிய பேட்டரி இருந்தாலும் அணைந்துவிடும். இஸ்திரிப் பெட்டி, 2000 வாட் வாட்டர் ஹீட்டர் போன்றவற்றை அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள். புதிய பேட்டரி போட்டுச் சில மாதங்களிலேயே உப்பினால், சார்ஜர் பகுதி அதிக வோல்ட் கொடுக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அப்படியானால் பழுது யூ.பி.எஸ்.ஸில்தான். இன்னொரு பேட்டரி வாங்குவது வீண் செலவு.

மற்றபடி, "யூ.பி.எஸ்.ஸையே மாற்றிவிடுங்கள்" என்று கடைக்காரர் சொன்னால் அவசரப்படாதீர்கள். பேட்டரியின் விலை புதிய யூ.பி.எஸ். விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான்.

வாங்கும்போது கவனிக்க

பழைய பேட்டரியில் உள்ள அதே வோல்ட், அதே ஆம்பியர்-அவர் அளவைக் கேளுங்கள். யூ.பி.எஸ்.ஸில் இரண்டு பேட்டரிகள் இருந்தால் இரண்டையும் ஒன்றாகவே மாற்றுங்கள். பேட்டரி தயாரான மாதத்தைப் பாருங்கள். விற்காமல் கடையில் கிடந்தாலும் சார்ஜ் தானாகவே குறைந்துகொண்டிருக்கும். பழைய பேட்டரியைக் குப்பையில் போடாமல் கடையிலேயே கொடுத்துவிடுங்கள். உள்ளே இருப்பது ஈயமும் அமிலமும். திரும்பப் பெறுவதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. பல கடைகளில் விலையிலும் கொஞ்சம் குறைப்பார்கள்.

வெளியூர் போகும் முன் யூ.பி.எஸ்.ஸை முழுதாக சார்ஜ் ஏற்றி, அதன் சுவிட்சையும் அணைத்துவிட்டுப் புறப்படுங்கள். புயல் எச்சரிக்கை வந்தாலும் இதையே செய்யுங்கள். வெள்ளம் வரக்கூடிய இடமென்றால் தரையிலிருந்து தூக்கி மேஜை மேல் வையுங்கள். முன் செய்த இந்தச் சிறு வேலை பேட்டரிக்கு இன்னும் ஓராண்டு ஆயுளைக்கூடக் கொடுக்கலாம்.