சாலை ஊரிடம்! சாவி யாரிடம்?

அமெரிக்கா என்ற உடனே நம் மனக்கண்முன் தோன்றுவது என்ன? விண்ணை முட்டும் மாளிகைகள்! விரைந்தோடும் மோட்டார்கள்! வெள்ளை மாளிகை! கோடி கோடியாகக் குவிந்து கிடக்கும் டாலர்! படக்காட்சிகள் நமக்குக் காட்டியிருப்பது அந்த அமெரிக்காவைத்தான்.

அந்த அமெரிக்காவிலே, தன் வயலில் விளைந்த மக்காச்சோளத்தை வண்டி நிறைய ஏற்றிக்கொண்டு வருகிறார் ஓர் உழவர். ஊருக்குப் போகும் வழியிலே ஓடை. ஓடையின்மீது சிறு பாலம். பாலத்தின் முகப்பிலே ஒரு பலகை. இத்தனை டன்னுக்கு மேற்பட்ட வண்டி செல்லலாகாது என்கிறது பலகை. உழவர் பெருமூச்சு விடுகிறார், வண்டியைத் திருப்புகிறார், பல மைல் சுற்றிக்கொண்டு போகிறார். டாலர் தேசத்திலா இந்தத் தொல்லை என்று கேட்பீர்கள். ஆம், டாலர் தேசத்திலேதான்! அயோவா என்ற மாநிலத்திலே அறுவடைக் காலத்தில் இது புதுமையான செய்தியே அல்ல. பழுதுற்ற நிலையில் உள்ளவை என்று வகைப்படுத்தப்பட்ட பாலங்களின் எண்ணிக்கையில், அண்மை ஆண்டுகளின் கணக்குப்படி, அமெரிக்க மாநிலங்களிலே முன்வரிசையில் நிற்பது அயோவா. அத்தகைய பாலங்கள் அங்கே 4,500க்கு மேல்!

யார் பொறுப்பு இதற்கு? வாஷிங்டனில் வீற்றிருக்கும் மத்திய அரசா? அல்ல. மாநிலத் தலைநகரில் உள்ள சர்க்காரா? அதுவும் அல்ல. அந்தப் பாலங்களிலே மிகப் பெரும்பாலானவை 'கவுண்டி' என்ற சிறு அரசின் தலைமேல் உட்கார்ந்திருக்கின்றன. அந்தச் சிறு அரசின் கதையைத்தான் இன்று நாம் பேசப்போகிறோம்.

கவுண்டி என்பதைத் தமிழில் மாவட்டம் என்று சொல்லிவிடலாம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. மேலிருந்து அனுப்பப்படும் கலெக்டர் அங்கே கிடையாது. மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் மூவரோ ஐவரோ அடங்கிய மேற்பார்வையாளர் குழுதான் ஆளுகிறது. அமெரிக்கா முழுவதிலும் இத்தகைய கவுண்டி அரசுகள் 3,000க்கு மேல். நாட்டின் பொதுச் சாலைகளில் ஏறத்தாழ 45 விழுக்காடு இவற்றின் கையில். அயோவாவில் மட்டும் 99 கவுண்டிகள். அவற்றுள் மிகச் சிறியது ஆடம்ஸ். 2020ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அங்கே வாழ்வோர் 3,704 பேர். நம் நாட்டில் ஒரு பெரிய கிராமத்தின் ஜனத்தொகை! ஆனால் அந்த 3,704 பேருக்கும் ஒரு நீதிமன்றக் கட்டடம் வேண்டும், ஷெரீப் வேண்டும், பத்திரப்பதிவு வேண்டும், தேர்தல் நடத்த ஆள் வேண்டும், பொதுச் சுகாதாரம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சாலை வேண்டும்!

சாலைகளோ கொஞ்சநஞ்சமா? 1785ஆம் ஆண்டிலே அமெரிக்க அரசு ஒரு நில அளவைச் சட்டம் செய்தது. நிலத்தைச் சதுரங்கப் பலகைபோலக் கட்டம் கட்டமாகப் பிரித்தனர். ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு பெருங்கட்டம். அதற்குள் மைலுக்கு மைல் முப்பத்தாறு சிறு கட்டங்கள். ஒவ்வொன்றும் 640 ஏக்கர். கட்டத்தின் கோடு எங்கே ஓடிற்றோ, அங்கே சாலையும் ஓடிற்று. மைலுக்கொரு சாலை! காகிதத்தில் கோடு கிழிப்பது எளிது. கோட்டின்மேல் கல் கொட்டிக் காலமெல்லாம் காப்பதல்லவா கடினம்! அந்தக் கோடுகளின் விளைவாக இன்று அயோவாவின் கவுண்டிகள் ஏறத்தாழ 90,000 மைல் சாலையைச் சுமந்து நிற்கின்றன. அவற்றில் பெரும்பகுதி தாரும் காணாதது, சிமெண்டும் காணாதது. உடைத்த கல் பரப்பிய சாலை.

ஆதியிலே இந்தச் சாலைகளைக் காத்தவர் யார்? உழவரேதான். ஆண்டுக்குச் சில நாள் சாலையில் உழைக்க வேண்டும், அல்லது அதற்கு ஈடாகப் பணம் கட்ட வேண்டும் என்பது வழக்கம். மண்வெட்டி தூக்கி வந்தவர்கள் பள்ளத்தை நிரப்பினர், பழமை பேசினர், வீடு திரும்பினர். மழை வந்தது, மண் கரைந்தது, சாலை சேறாயிற்று. 1896ஆம் ஆண்டு வாக்கிலே, பக்கத்து மாநிலமான மிசூரியில் வார்ட் கிங் என்ற விவசாயி ஒரு வழி கண்டார். மரத்தண்டு ஒன்றை நெடுக்காக இரண்டாகப் பிளந்தார். இரண்டையும் இணையாகச் சேர்த்துக் கட்டினார். மழை பெய்து ஓய்ந்ததும் குதிரையைப் பூட்டிச் சாலையின்மேல் இழுத்தார். சேறு சமமாயிற்று, காய்ந்ததும் இறுகிற்று! செலவோ சொற்பம். அந்த இழுவைக் கட்டை நாடெங்கும் பரவிற்று. பட்டம் பெற்ற நிபுணர்கள் பலர் இருந்த நாட்டிலே, பாமர உழவன் ஒருவனின் மரக்கட்டை பாதை திருத்திற்று!

அதே 1896இல் கிராம வீடுகளுக்கே தபாலைக் கொண்டு சேர்க்கும் திட்டத்தைத் தபால் இலாகா தொடங்கிப் பார்த்தது. கடிதம் வேண்டுமா, சாலையைச் சீராக்குங்கள் என்றது. சாலை ஊர்ச் சங்கதி என்ற நிலை மாறி, நாட்டுச் சங்கதியாயிற்று. 1913இல் அயோவா சட்டமன்றம், ஒவ்வொரு கவுண்டியும் ஒரு பொறியாளரை அமர்த்த வேண்டும் என்றது. 1929இல் சிற்றூர் வட்டங்களிடமிருந்த சாலைகளும் கவுண்டியிடம் வந்து சேர்ந்தன. பொறுப்பு முழுவதும் ஓரிடத்தில் குவிந்தது.

இன்று அந்தப் பொறுப்பு எப்படி நடைபெறுகிறது? கல்சாலையின் நடுப்பகுதி ஆமை முதுகுபோல் உயர்ந்திருக்க வேண்டும். அடி அகலத்துக்கு அரை அங்குலம் வீதம் இருபுறமும் சரிந்தால்தான் மழைநீர் வழிந்து ஓரக் கால்வாயில் இறங்கும். சரிவு குறைந்தால் நீர் தேங்கும்; நீர் தேங்கினால் குழி விழும். வண்டிகள் ஓட ஓடச் சாலை தகர ஓடுபோல அலை அலையாகும். கல் ஓரத்துக்கு ஒதுங்கும். ஒதுங்கிய கல்லை நீண்ட அலகுகொண்ட யந்திரத்தால் வழித்து, மீண்டும் நடுவே சேர்க்கிறார் ஓட்டுநர். குளிர்காலத்திலே அவரே பனியை ஒதுக்குகிறார். அலகு ஓர் அங்குலம் தவறினால் சாலையின் முதுகு சிதையும். அத்தனை நுணுக்கமான வேலை. அந்தத் தொழிலாளிக்கு மாலை போடுவாரில்லை, மேடையில் இடம் தருவாரில்லை. ஆனால் பள்ளிப் பிள்ளைகளின் வண்டி காலையில் நேரத்துக்குச் செல்வது அவர் கைத்திறனால்!

இன்னொன்றும் சொல்லவேண்டும், ஏடு நடத்தும் நமக்கு அது இனிக்கும் செய்தி. மேற்பார்வையாளர் குழு கூடிப் பேசிய நடவடிக்கைகளையும், கொடுத்த பணத்தின் பட்டியலையும் உள்ளூர்ச் செய்தித்தாளில் வெளியிடவேண்டும் என்பது அயோவாச் சட்டம். கல் வாங்கியது எவ்வளவு, எண்ணெய் வாங்கியது எவ்வளவு, யாரிடம் வாங்கியது என்பதை வாக்களித்தவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே படிக்கலாம். அடுத்த ஐந்தாண்டில் எந்தப் பாலம், எந்தச் சாலை என்ற திட்டமும் முன்கூட்டியே எழுதப்படுகிறது. கணக்கு ஒளிந்திருக்கும் இடத்தில் களவு ஒளிந்திருக்கும். கணக்கு தெருவுக்கு வந்தால் களவுக்குக் கால் நடுங்கும்!

இவ்வளவு ஒழுங்கிருந்தும் பாலம் ஏன் பழுதுற்றது? இங்கேதான் உண்மைச் சிக்கல்.

1950இல் அயோவாவில் 2 லட்சத்துக்கு மேற்பட்ட பண்ணைகள் இருந்தன. 2022ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பில் மிஞ்சியவை 87,000க்கும் குறைவு. சிறு பண்ணைகளைப் பெரும் பண்ணைகள் விழுங்கின. குடும்பங்கள் நகரம் நோக்கி நடந்தன. வரி கட்டுவோர் குறைந்தனர். சாலையின் நீளமோ குறையவில்லை. மறுபக்கம், குதிரை வண்டிக்கும் சின்னஞ்சிறு லாரிக்கும் கட்டிய பாலத்தின்மேல் இன்று ராட்சத அறுவடை யந்திரமும், மலைபோல் தானியம் ஏற்றிய வண்டியும் ஏறுகின்றன. ஆள் குறைந்தது, பாரம் ஏறிற்று! அப்படியானால் ஆளில்லாச் சாலையை மூடிவிடலாமே என்பீர்கள். மூடச் சட்டம் இடம் தருகிறது. பொது விசாரணை நடத்த வேண்டும். சாலைக் கோடியிலே வயல் வைத்திருக்கும் அந்த ஒருவர் எழுந்து நின்று, "நானும் வரி கட்டினேனே!" என்று கேட்டால், என்ன பதில் சொல்வது?

சரி, பணம் எங்கிருந்து வருகிறது? நிலத்தின்மீதும் வீட்டின்மீதும் போடும் சொத்துவரி ஒரு வழி. பெட்ரோல் வரியும் வண்டிக் கட்டணமும் சேர்ந்த மாநிலச் சாலை நிதியில் பங்கு மற்றொரு வழி. அந்தப் பங்கீட்டைப் பாருங்கள்: மாநில நெடுஞ்சாலைகளுக்கு நூற்றுக்கு 47.5, நகரங்களுக்கு 20, கவுண்டிச் சாலைகளுக்கு 24.5; பண்ணையிலிருந்து சந்தைக்குச் செல்லும் சாலைகளுக்கு 8. பின்னவை இரண்டும் கவுண்டியின் பொறுப்பு; கூட்டினால் 32.5. நெடுஞ்சாலையில் போக்குவரத்து மிகுதி, அதனால் பங்கும் மிகுதி என்று மாநிலம் சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் நெடுஞ்சாலையின் நீளம், கவுண்டிச் சாலையின் நீளத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் என்பதையும் தராசில் வைக்க வேண்டாமா? மத்திய அரசின் பெட்ரோல் வரியோ காலனுக்கு 18.4 சென்ட், 1993இல் நின்ற இடத்திலேயே நிற்கிறது. அயோவா மட்டும் 2015இல் துணிந்து தன் வரியைப் பத்து சென்ட் உயர்த்திற்று.

கவுண்டியே வரி போட்டுக்கொள்ளலாமே? இங்கேதான் பூட்டு! 1868இல் அயோவா உயர்நீதிமன்றத்தின் நீதிபதி டில்லன் ஒரு கோட்பாடு வகுத்தார். உள்ளூர் மன்றங்கள் சட்டமன்றம் பெற்ற பிள்ளைகள். சட்டமன்றம் கொடுத்த உயிரைச் சட்டமன்றமே பறிக்கலாம் என்பது அதன் சாரம். மூன்றாண்டு கழித்து, 1871இல் மிச்சிகன் மாநிலத்து நீதிபதி ஒருவர் மறுத்தெழுந்தார். ஊராட்சி மக்களின் உரிமை, மாநிலம் போட்ட பிச்சையல்ல என்று வாதிட்டார். அவர் பெயர் தாமஸ் கூலி. பெயர்தான் கூலி, பேசியதோ உரிமை! ஆனால் நாடு பெரும்பாலும் டில்லன் பக்கமே சாய்ந்தது. 1978இல் அயோவா மக்கள் தங்கள் அரசியல் சட்டத்தைத் திருத்தி, கவுண்டிகளுக்குத் தன்னாட்சி தந்தனர். மகிழ்ச்சிதான். ஆனால் அந்தத் திருத்தத்துக்குள்ளே ஒரு வாசகம்: சட்டமன்றம் வெளிப்படையாக அனுமதித்தாலொழிய, வரி விதிக்கும் அதிகாரம் கிடையாது! வீட்டைக் கொடுத்தார்கள், விளக்கைக் கொடுத்தார்கள், பெட்டியைக்கூடக் கொடுத்தார்கள். பெட்டிச் சாவியை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டார்கள்! 2023இல் சொத்துவரி ஏற்றத்துக்கு மேலும் வரம்பு கட்டி ஒரு சட்டம் வந்தது. வரி கட்டுவோர் சுமை குறையட்டும் என்பது நல்ல நோக்கமே. குறைந்த வரியால் எந்தப் பாலம் குறையும் என்று சொல்லும் கடமை மட்டும் கவுண்டியின் தலையில்!

"தொல்லை எதற்கு? மாநிலமே எல்லாச் சாலையையும் எடுத்துக்கொள்ளட்டும்" என்பாரும் உண்டு. எடுத்துக்கொண்ட மாநிலங்களும் உண்டு. பெரும் பொருளாதார மந்தம் வாட்டிய நாளிலே, 1931இல் வட கரோலினாவும், 1932இல் வர்ஜீனியாவும் கவுண்டிச் சாலைகளைத் தம்மிடம் எடுத்துக்கொண்டன. வரி கட்ட வழியின்றித் தவித்த உழவருக்கு அது ஆறுதல்தான், மறுக்கவில்லை நாம். ஆயினும் அதற்கு விலை உண்டு. ஊர்ச் சாலைக் குழியைப் பற்றி ஊர்க்கூட்டத்தில் கேட்டவர், இனித் தலைநகரத்துக்கு விண்ணப்பம் எழுத வேண்டும். வர்ஜீனியாவில் ஆர்லிங்டன், ஹென்ரைக்கோ என்ற இரு கவுண்டிகள் இன்றளவும் தங்கள் சாலையைத் தாங்களே வைத்துக்கொண்டிருக்கின்றன.

சாவி கைக்கு வராத கவுண்டி என்ன செய்கிறது? சில இடங்களில் பின்னோக்கி நடக்கிறது! 2010 வாக்கில் மிச்சிகனின் 83 கவுண்டிகளில் 38, தார்ச்சாலை சிலவற்றைப் பெயர்த்து மீண்டும் கல்சாலையாக்கியிருந்தன. வேறு சில இடங்களில் அறிவு வழி திறக்கிறது. அயோவாவின் புக்கானன் கவுண்டி, ஓய்வுபெற்ற ரயில் சரக்கு வண்டிகளின் தட்டையான அடிச்சட்டங்களை வாங்கி, ஓடையின் குறுக்கே பாலமாக்கிற்று. ரயிலைச் சுமந்து களைத்த இரும்பு, உழவரைச் சுமக்க மறுபிறவி எடுத்தது!

பாலத்தோடு முடியவில்லை சங்கதி. நெஞ்சுவலி கண்டவரைத் தூக்கிச் செல்லும் ஆம்புலன்ஸ், அயோவாவில் நெடுங்காலம் 'இன்றியமையாப் பணி' என்ற பட்டியலில் இடம்பெறவில்லை. கிராமங்களிலே தொண்டர்களின் தயவில் அது ஓடிற்று, தொண்டர்கள் மூப்படைந்தனர். 2021இல் வந்த சட்டம், கவுண்டி விரும்பினால் அதை இன்றியமையாப் பணியாக அறிவித்து வரி போடலாம் என்றது. ஆனால் வாக்களிப்போரில் நூற்றுக்கு 60 பேர் ஒப்பவேண்டும். நூற்றுக்கு 59 பேர் வேண்டும் என்றாலும் வண்டிக்கு வழியில்லை! பெரும்பான்மைக்கும் ஒரு படி மேலே தூக்கிவைத்தனர், மூச்சுத் திணறுபவனின் மருந்தை!

நாம் கூறுவது இதுதான். பொறுப்பைக் கீழே தள்ளுவது எளிது. பணத்தையும் அதிகாரத்தையும் கீழே அனுப்பத்தான் மேலிருப்போருக்கு மனம் வருவதில்லை. பொறுப்பு ஓரிடம், பணம் வேறிடம் என்றால், பழி மட்டும் கீழிடம்! கவுண்டிக் குழுவினர் தெய்வப் பிறவிகளல்லர். அவர்களிடமும் தவறு நேரும். ஆனால் அந்தத் தவற்றை ஊர்க் கடையிலே மடக்கிக் கேட்கலாம், அடுத்த தேர்தலில் திருத்தலாம். தொலைவில் உள்ள பெரிய அரசின் சிறிய அலட்சியத்தை யார் போய்க் கேட்பது?

ஓடைப் பாலத்தின் பலகை சொல்வது, இத்தனை டன் என்ற கணக்கு. அதற்கு மேல் ஏற்றினால் இரும்பும் முறியும் என்கிறது. பாலத்துக்கு எழுதிவைத்த அந்த நியாயத்தை, சிறு அரசுகளின் தோளில் பாரம் ஏற்றுவோரும் ஒருமுறை நின்று படிக்கட்டும். பாரத்தைக் கொடுத்தவர்கள் சாவியையும் கொடுக்கட்டும்!