மகனின் பள்ளி இடத்துக்கும் ரசீது கேளுங்கள்

சரக்கு எடுப்பதில் நம்மவர்களுக்கு உள்ள கவனத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. துவரம் பருப்பை உள்ளங்கையில் அள்ளி ஊதிப் பார்ப்போம். மிளகாய் வற்றலைக் கிள்ளிப் பார்ப்போம். எடை ஒரு கிலோ குறைந்தாலும் லாரிக்காரரை நிறுத்திவைத்துப் பேசுவோம். பில் இல்லாத மூட்டையைக் கடைக்குள் இறக்க விடமாட்டோம். இத்தனை கறாரான வியாபாரி, மகனுக்குப் பெயர் பெற்ற ஆண்கள் பள்ளியில் இடம் வேண்டும் என்றதும் ஆளே மாறிவிடுகிறார். "அங்கே எனக்கு வேண்டியவர் இருக்கிறார்" என்று யாரோ சொன்னதை நம்பி, எதற்கென்று கேளாமல், துண்டுச் சீட்டுக்கூட வாங்காமல், கட்டாகப் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்து கல்லாவில் உட்கார்ந்துகொள்கிறார்.

அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் நம் கவலை.

பள்ளிச் சேர்க்கை சூடு பிடிப்பது மார்ச் முதல் ஜூன் வரை. புதுப் புளியும் புது மிளகாயும் சந்தைக்கு வந்து, வருடச் சரக்கைப் பிடித்துவைக்க வேண்டிய நாட்களும் ஏறக்குறைய அவைதான். அந்த நேரத்தில் சுழல் முதலில் ஒரு லட்சத்தை உருவிப் பள்ளியில் கொடுத்தவர், பிறகு அதே சரக்கைக் கடனுக்கு எடுக்கிறார். மாதம் இரண்டு ரூபாய் வட்டி என்று வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு ரூ.24,000 வட்டி மட்டும். அடுத்து ஆடி மாத மந்தம். அதைத் தாண்டினால் தீபாவளிச் சரக்கு. முதல் வருடம் விழுந்த ஓட்டையை மூன்று வருடமாகியும் அடைக்க முடியாமல் திண்டாடும் கடைகளை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். பையன் படிப்பது அந்தக் கடை வருமானத்தில்தான் என்பதை ஏனோ அந்த இரண்டு மாதமும் எல்லோரும் மறந்துவிடுகிறோம்.

பணத்தை விட்டால் அடுத்த பயம் நேர்காணல். நம் உறுப்பினர் ஒருவர், இருபது வருடமாக மொத்த மளிகை செய்பவர், பையனை அழைத்துக்கொண்டு ஒரு பள்ளிக்குப் போயிருந்தார். பையனிடம் இரண்டு கேள்வி. பிறகு அப்பாவின் பக்கம் திரும்பி, "நீங்கள் என்ன படித்திருக்கிறீர்கள்?" என்றார்களாம். "எட்டாவது" என்றார் இவர். "வீட்டில் பாடம் சொல்லிக் கொடுக்க யார் இருக்கிறார்கள்?" என்பது அடுத்த கேள்வி. நாள் ஒன்றுக்கு நூறு பில்லை மனக்கணக்கில் கூட்டுகிற மனிதர், பதில் சொல்ல முடியாமல் எழுந்து வந்திருக்கிறார். அந்த வெட்கத்தை ஈடுகட்டத்தான் பலர் பணத்தை நீட்டுகிறார்கள் என்பது நம் எண்ணம்.

ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கவே பள்ளிக்கு அனுமதி இல்லை. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 13-ஆவது பிரிவில், குழந்தையையோ பெற்றோரையோ சோதித்துத் தேர்வு செய்வதைத் தடை செய்திருக்கிறது. மீறினால் முதல் முறை ரூ.25,000 வரையும், அடுத்த ஒவ்வொரு முறையும் ரூ.50,000 வரையும் அபராதம். சேர்க்கைக்கு நன்கொடை வாங்கினால், வாங்கியதைப் போல் பத்து மடங்கு வரை அபராதம். தமிழ்நாட்டில் கட்டாய நன்கொடைக்கு எதிராக 1992-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது.

இதில் இரண்டு விலக்கு உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின் எல்லை எட்டாம் வகுப்பு வரைதான். பதினோராம் வகுப்புக்குப் போனால் பத்தாம் வகுப்பு மதிப்பெண்தான் பேசும். இரண்டாவது, சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025-ல் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பில் ஐயம் எழுப்பி, பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பியது. நம் ஊர்களில் பழைய, பேர்போன ஆண்கள் பள்ளிகளில் பல கிறிஸ்தவ சபைகள் நடத்துபவை. ஆகவே விண்ணப்பம் வாங்குமுன் பள்ளி எந்த வகையைச் சேர்ந்தது என்று விசாரித்துக்கொள்வது நல்லது.

கட்டணத்துக்கும் ஒரு வரையறை இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பள்ளிக் கட்டண ஒழுங்குமுறைச் சட்டப்படி, ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு தனியார் பள்ளிகளுக்கு வகுப்புவாரியாகக் கட்டணம் நிர்ணயிக்கிறது. அந்த ஆணையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். எம்.ஆர்.பி. அச்சடித்த பாக்கெட்டைக் கூடுதல் விலைக்கு விற்றால் நம்மை விடுவார்களா? அந்தக் கணக்குத்தான் இங்கேயும்.

ரசீது வேண்டும் என்று நாம் வற்புறுத்துவதற்கு வரி சார்ந்த காரணமும் உண்டு. பழைய முறையில் வருமான வரி கட்டுபவர், இரண்டு குழந்தைகள் வரை செலுத்திய கல்விக் கட்டணத்தை, மற்ற சேமிப்புகளோடு சேர்த்து ரூ.1,50,000 வரம்புக்குள் கழித்துக்கொள்ளலாம். கல்விக் கட்டணம் என்று ரசீதில் இருப்பது மட்டுமே சேரும். வளர்ச்சி நிதி, நன்கொடை, பஸ் கட்டணம் எதுவும் சேராது. புதிய முறைக்கு மாறியவர்களுக்கு இந்தச் சலுகையும் இல்லை. ரூ.2 லட்சமோ அதற்கு மேலோ ஒரே பரிமாற்றத்தில் ரொக்கமாக வாங்கக் கூடாது என்ற விதி 2017 முதல் இருக்கிறது. அதனால் "ரொக்கமாகவே கொண்டு வாருங்கள்" என்பவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்று யோசித்துப் பார்க்கவும்.

இடையில் நம் தொழில் சம்பந்தமான ஒரு வார்த்தை. நோட்டு, பென்சில் எல்லாம் பள்ளிக்குள்ளேயே வாங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் நோட்டுப் புத்தகத்துக்கும் பென்சிலுக்கும் ஜி.எஸ்.டி. அறவே இல்லை. அந்த விலைக் குறைப்பு பள்ளிக் கவுண்டரில் கிடைத்ததா என்று பெற்றோர் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். தெருமுனைக் கடையில் அதே நோட்டு என்ன விலை என்பது நமக்குத் தெரியும்.

சிறு கடைக்காரர்கள் 25 சதவீத ஒதுக்கீட்டையும் விட்டுவிடக் கூடாது. சிறுபான்மை அல்லாத தனியார் பள்ளிகளில் நுழைவு வகுப்பில் நாலில் ஒரு பங்கு இடம் நலிந்த பிரிவினருக்கும் வாய்ப்பு மறுக்கப்பட்டோருக்கும் உரியது. கட்டணத்தை அரசு ஏற்கும். நலிந்த பிரிவுக்குத் தமிழ்நாட்டில் வைத்த வரம்பு ஆண்டு வருமானம் ரூ.2 லட்சத்துக்குள். வீடு ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். 2025-ல் மத்திய நிதி வராத காரணத்தால் இந்தச் சேர்க்கை அக்டோபரில்தான் தொடங்கியது என்பதால், இதை மட்டும் நம்பி வேறு இடம் பார்க்காமல் இருப்பதும் சரியல்ல. இங்கே நம்மவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடம் முகவரி. கடை சென்னையில், ரேஷன் அட்டை திருநெல்வேலிப் பக்கத்துச் சொந்த ஊரில். கடை வாடகை ஒப்பந்தம் குடியிருப்புக்கு அத்தாட்சி ஆகாது.

இனி, பேர்போன பள்ளிதான் வேண்டுமா என்ற கேள்விக்கு வருவோம். மைதானம், கட்டுப்பாடு, என்.சி.சி., பழைய மாணவர்களின் பழக்கம் ஆகியவற்றுக்காக ஆண்கள் பள்ளியைத் தேடுகிறோம், அதில் தவறில்லை. ஆனால் பாடப் புத்தகத்துக்காக மெட்ரிக் பள்ளியைத் தேடுவதில் இப்போது பொருளில்லை. 2011-ல் சமச்சீர் கல்வி நடைமுறைக்கு வந்தபின், பத்தாம் வகுப்பு வரை அரசுப் பள்ளிக்கும் மெட்ரிக் பள்ளிக்கும் பாடத்திட்டம் ஒன்றே. பழைய ஆண்கள் பள்ளிகள் பலவற்றில், ஒரே காம்பவுண்டுக்குள், கட்டணம் வாங்கும் ஆங்கில வழிப் பிரிவும், அரசு உதவி பெறும் தமிழ் வழிப் பிரிவும் அடுத்தடுத்து நடக்கின்றன. தமிழ் வழியில் கல்விக் கட்டணம் கிடையாது. மைதானம் ஒன்றுதான், மணியும் ஒன்றுதான். அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டமும் 2010-ல் வந்திருக்கிறது. ஆனாலும் நம்மில் எத்தனை பேர் அந்த இரண்டாவது கவுண்டரை எட்டிப் பார்க்கிறோம்?

பள்ளி வாசலில் கூனிக் குறுகி நிற்கும் வியாபாரிக்கு இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். விருதுநகரில் 1889-ல் க்ஷத்திரிய வித்யாசாலா ஆண்கள் பள்ளியைத் தொடங்கியவர்கள் வியாபாரிகள். சரக்கின் மேல் வைத்த மகமையும், வீட்டுக்கு வீடு ஒதுக்கிவைத்த பிடி அரிசியும் அந்தப் பள்ளியை நடத்தின. காமராசர் படித்தது அங்கேதான். குடும்ப நிலையால் படிப்பை நிறுத்தி மாமாவின் துணிக்கடைக்குப் போனவர், பின்னாளில் முதலமைச்சராகி ஊர் ஊராகப் பள்ளி திறந்தார். சென்னையில் துபாஷாக இருந்து பொருள் சேர்த்த பச்சையப்பர் 1794-ல் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற அறப்பணத்தில் 1842-ல் பிராட்வேயில் பள்ளி எழுந்தது. எட்டாவது படித்தவர் என்று நம்மைக் கேட்கிற அந்த அறைகளில் சிலவற்றுக்குச் செங்கல் வாங்கிக் கொடுத்ததே கல்லாப்பெட்டிதான்.

ஆகவே இந்தச் சேர்க்கைக்குத் தயாராகும் உறுப்பினர்கள் பொங்கல் முடிந்த கையோடு காகிதங்களை எடுத்துவைக்கவும். வருமானச் சான்று, சாதிச் சான்று இரண்டுக்கும் இ-சேவை மையத்தில் மனு கொடுத்தால் போதும். மே மாதக் கூட்டத்தில் போய் நிற்க வேண்டாம். பையனின் இனிஷியலும் எழுத்துக்களும் ஆதாரிலும் பிறப்புச் சான்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒரு தரம் பார்க்கவும். பிறப்புச் சான்றில் இன்னும் பெயரே ஏறாமல் "ஆண் குழந்தை" என்று மட்டும் இருக்கிறவர்கள் நம்மில் அநேகம். ஓராண்டு வரை பெயர் சேர்க்கக் கட்டணமில்லை. பதினைந்து ஆண்டு வரை தாமதக் கட்டணம் செலுத்திச் சேர்க்கலாம். அவர்கள் மட்டும் பொங்கலுக்குக் காத்திராமல், இந்த வாரமே மதிய நேரத்தில் கடையை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு, பிறப்பைப் பதிவு செய்த அலுவலகத்துக்கு ஒரு நடை போய் வரவும்.