86 அடி நீளம், 18 அடி அகலம்!
மந்திரவாதி டைரக்டர் கட்டிய வீடு

பெரியோர் வாழ்ந்த வீட்டைக் காத்து வைப்பது நமக்குப் புதிதல்ல. அருப்புக்கோட்டையிலிருந்து கரிசல் காட்டு வழியே திருச்சுழிக்குப் போனால், பூமிநாதர் கோயிலுக்கு அருகே ஒரு வீடு இருக்கிறது. 1879-ல் ரமண மகரிஷி பிறந்தது அங்கேதான். 'சுந்தர மந்திரம்' என்று பெயரிட்டு அதைப் போற்றி வருகிறார்கள்.

அமெரிக்காவிலும் அப்படிக் காத்து வைத்த வீடு ஒன்று உண்டு. ஆனால் அதில் வாழ்ந்தவர் ஞானி அல்லர். மியூசிய டைரக்டர், கொஞ்சம் மந்திரவாதியும்கூட!

அவர் பெயர் எவரெட் ஆஸ்டின். 'சிக்' என்பது செல்லப் பெயர். 1927-ல் ஹார்ட்போர்டு நகரத்து வாட்ஸ்வொர்த் அத்தீனியம் என்ற கலைக்கூடத்துக்குத் தலைவராக வந்தார். அப்போது வயது 27-கூட நிரம்பவில்லை.

1929-ல் அவருக்கும் ஹெலனுக்கும் கல்யாணம் நடந்தது. ஹெலன் பெரிய இடத்துப் பெண். தம்பதிகள் இத்தாலிக்குப் போனார்கள். வெனிஸ் பக்கத்தில், பிரெண்டா ஆற்றங்கரையில், பழைய மாளிகை ஒன்றைக் கண்டார்கள். 16-ஆம் நூற்றாண்டில் ஸ்கமோட்சி என்ற சிற்பி அமைத்தது. "நம் வீடும் இப்படித்தான்!" என்று மனத்தில் முடிவாகிவிட்டது.

1930-ல் வீடு எழுந்தது. முகப்பில் உயரமான தூண்கள். பார்த்தால் அரண்மனை. ஆனால் அவ்வளவும் மரம்! நீளம் 86 அடி. அகலமோ 18 அடிதான். அருப்புக்கோட்டை நெசவாளர் தெருவில் பாவு நீட்டுவார்களே, அதுபோல நீண்டு கிடக்கிறது வீடு. முன்பக்கம் நுழைந்தால் ஓர் அறை. அதைத் தாண்டினால் கொல்லைப்புறம். நாடகத் திரைபோல் இருக்கிறதே என்று ஊரார் சிரித்தார்கள். ஆஸ்டினும் சேர்ந்து சிரித்தார்.

மாடிப்படியில் 200 ஆண்டுகள்

கீழ்த்தளம் 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் பிரபுக்களின் மாளிகைபோல. எங்கும் பட்டும் வேலைப்பாடும். மாடிக்கு ஏறினால் பூவும் இல்லை, கொடியும் இல்லை. ஜெர்மனியில் அப்போதுதான் பிறந்த 'பௌஹவுஸ்' என்ற புதுப் பாணி. படி ஏறுவதற்குள் 200 ஆண்டுகளைத் தாண்டிவிடலாம்!

கலைக்கூடத்திலும் இதே துணிச்சல்தான். 1931-ல் டாலியின் உருகி வழியும் கடிகார ஓவியத்தைக் காட்சிக்கு வைத்தார். 1934-ல் பிக்காசோவின் ஓவியங்களைத் திரட்டிப் பெரிய கண்காட்சி நடத்தினார். அதே மாதம், ஓர் இசை நாடகத்தையும் அங்கே அரங்கேற்றினார். பாடி நடித்தவர்கள் அத்தனை பேரும் நீக்ரோ மக்கள் என்று அன்று அழைக்கப்பட்ட கறுப்பு இனத்தவர். நிறவெறி மிகுந்த அந்நாளில் இது சாதாரணக் காரியமா? நடுவே, 'மகா ஆஸ்ரம்' என்ற பெயரில் மேடையேறிக் குழந்தைகளுக்கு மாயவித்தையும் செய்து காட்டினார்!

புதுமைக்குச் செலவு உண்டு, பகையும் உண்டு. கலைக்கூடத்தின் தர்மகர்த்தாக்களோடு மனக்கசப்பு வளர்ந்தது. 1944-ஓடு அந்தப் பதவி போயிற்று. பிறகு தெற்கே, புளோரிடாவில், சர்க்கஸ் முதலாளி ரிங்லிங் நிறுவிய மியூசியத்துக்கு டைரக்டரானார். 1957-ல் காலமானார்.

ஹெலன் வீட்டை விற்கவில்லை. கணவர் மறைந்த பிறகும் 28 ஆண்டுகள் அங்கேயே இருந்தார். அகலமில்லாத அந்த நீள வீட்டை வாங்குகிறவர் இடித்துவிட்டு வேறு கட்டியிருந்தால் யார் தடுத்திருக்க முடியும்? 1985-ல் ஹெலனும் பிள்ளைகளும் வீட்டை, முக்கியமான சாமான்களோடு, தானமாகக் கொடுத்தார்கள். யாருக்கு? ஆஸ்டினோடு மனம் கசந்திருந்த அதே கலைக்கூடத்துக்கு!

கலைக்கூடம் அதைப் பழுதுபார்த்துப் பழைய கோலத்துக்குக் கொண்டுவந்தது. 1994-ல் அமெரிக்க அரசு அதைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. ஊரார் சிரித்த மரத்தூண்கள் இன்றும் தெருவைப் பார்த்தபடி நிற்கின்றன.