கைப்பிடி மாவில் ஓர் ஊர்

நுழையும்முன்

பிழைப்புக்காகவும் படிப்புக்காகவும் ஊரைவிட்டுச் செல்பவர்கள் உடையையும் பேச்சையும் எளிதில் மாற்றிக்கொள்கிறார்கள். நாக்கு மட்டும் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. அயலூரில் வாழ்வோர் ஏங்கித் தேடும் உணவுகள் எவை, அந்த ஏக்கம் எவ்வாறு பிறக்கிறது, அதனுள் புதைந்துகிடக்கும் வரலாறு யாது என்பனவற்றை, தருமபுரி மாவட்டம் பென்னாகரத்தின் களியிலிருந்து தொடங்கிக் கடல்கடந்த தமிழர்களின் இலைவரை தொடர்ந்து சென்று இப்பாடம் விளக்குகிறது.

பைக்குள் ஓர் அடுக்களை

பென்னாகரம் பேருந்து நிலையத்தில் விடியுமுன் நின்று பார்த்தால் ஒரு காட்சி தவறாமல் கண்ணில் படும். பெங்களூருவுக்கும் திருப்பூருக்கும் வேலைக்குச் செல்வோர் துணிப்பையோடு இன்னொரு பையையும் மடியில் அணைத்தபடி அமர்ந்திருப்பர். அதில் கேழ்வரகு மாவு, கொள்ளு, புளி உருண்டை, வெயிலில் காய்ந்த வெங்காய வடகம், வறுத்த வேர்க்கடலை ஆகியவை இருக்கும். இவற்றுள் பெரும்பாலானவை சென்று சேரும் நகரத்துக் கடைகளிலும் கிடைக்கின்றன. ஆயினும் ஊரிலிருந்தே சுமந்து செல்கிறார்கள். அரைத்துக் கொடுத்த கையும் காயவைத்த முற்றமும் கடையில் கிடைப்பதில்லை என்பதே காரணம்.

மானாவாரி நிலங்கள் மிகுந்த இவ்வட்டாரத்தில் கேழ்வரகு, சாமை, கொள்ளு, அவரை, துவரை ஆகியன வாழ்வின் அடிப்படைகளாக இருந்துவந்துள்ளன. ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில் ஒகேனக்கல்லில் காவிரி பாய்ந்தாலும், மேட்டு நிலத்து உழவர் வானத்தையே நம்பி வாழ்ந்தனர். மழை பொய்த்த ஆண்டுகளில் ஊர் ஊராகப் பிழைப்புத் தேடிச் சென்றனர். எனவே இங்கே உணவைப் பற்றிய பேச்சு எப்போதும் பிரிவைப் பற்றிய பேச்சாகவும் இருக்கிறது.

நிலமும் உணவும்

உணவு நிலத்தின் அடையாளம் என்னும் கருத்து தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியம் திணைக்குரிய கருப்பொருள்களுள் உணவையும் ஒன்றாக வைத்தது. ஆற்றுப்படை நூல்கள் ஒவ்வொரு நிலத்து மக்களும் வழிப்போக்கர்க்குப் படைக்கும் உணவை வேறுபடுத்திக் காட்டுகின்றன. ஒருவர் உண்பதைக் கொண்டே அவர் எந்நிலத்தவர் என்று அறிய முடிந்தது.

ஆனால், ஒரு நிலத்தின் உணவு என்றும் அந்நிலத்திலேயே பிறந்ததா? இன்றைய தருமபுரிப் பகுதியே பண்டைய தகடூர். அதனை ஆண்ட அதியமானின் முன்னோர் கரும்பை இந்நாட்டுக்குக் கொண்டுவந்த செய்தியைப் புறநானூறு பதிவுசெய்கிறது. கேழ்வரகின் தாயகம் கிழக்கு ஆப்பிரிக்காவின் மேட்டு நிலங்கள் என்பர் தாவரவியலாளர். மிளகாயும் வேர்க்கடலையும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து ஐரோப்பியரின் கப்பல்கள் வழியாகப் பரவியவை. புளியமரத்தின் பூர்விகமும் ஆப்பிரிக்காவே. ஆகவே, ‘எங்கள் ஊர் உணவு’ என்று நாம் பெருமையோடு உண்ணும் களியும் வேர்க்கடலைச் சட்டினியும் ஒரு காலத்தில் வெளியூரிலிருந்து வந்து குடியேறியவையே. நீண்ட காலம் உடன் வாழ்ந்து உறவானமையால் அவை நம்முடையவை ஆயின.

நாக்கா, மூக்கா?

ஊர் உணவை நினைத்தவுடன் ‘நாவில் நீர் ஊறுகிறது’ என்கிறோம். உண்மையில் அங்கே பெரும்பணி ஆற்றுவது மூக்கு. நாக்கு இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு முதலிய சில சுவைகளை மட்டுமே பிரித்தறியும். உண்ணும்போது வாயிலிருந்து தொண்டையின் பின்வழியாக மூக்கை அடையும் மணமே ஓர் உணவை இன்ன உணவு என்று அடையாளம் காட்டுகிறது. சளி பிடித்து மூக்கு அடைத்திருக்கும் நாளில் எந்தக் குழம்பும் ஒன்றுபோல் தோன்றுவது இதனாலேயே.

மனித மூக்கில் மணத்தை உணரும் ஏற்பிகள் ஏறத்தாழ 400 வகைகள் உள்ளன. இவ்வேற்பிகளைக் கண்டறிந்த ரிச்சர்டு ஆக்சல், லிண்டா பக் ஆகிய இருவருக்கும் 2004ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. பார்வை, கேள்வி முதலிய பிற புலன்களின் செய்திகள் தலாமஸ் என்னும் இடைநிலையத்தைக் கடந்தே மூளையின் மேற்பகுதிக்குச் செல்கின்றன. மணத்தின் செய்தியோ அவ்விடைநிலையத்தில் நில்லாமல், உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளை நேரே அடைகிறது. கொள்ளு வேகும் மணம் எங்கிருந்தோ வந்தால், ‘இது கொள்ளு’ என்று எண்ணுவதற்கு முன்பே பாட்டியின் அடுக்களை கண்முன் விரிவதன் காரணம் இதுவே.

களியின் நுட்பம்

அயலூரில் மாவு கிடைத்தாலும் களி வாய்ப்பதில்லை என்று பலர் குறைபட்டுக்கொள்வர். அது வெறும் மனக்குறை அன்று. களி கிளறுவதில் ஓர் அறிவியல் அடங்கியிருக்கிறது.

முதலில் நொய்யரிசியைக் குழைய வேகவிடுவர். நீர் தளதளவெனக் கொதிக்கும்போது கேழ்வரகு மாவைக் குவியலாகக் கொட்டி, கிளறாமல் நடுவில் துளையிட்டு விடுவர். கொதிநீர் அத்துளையின் வழியே மேலெழுந்து மாவை உள்ளிருந்து வேகவைக்கும். மாவிலுள்ள மாச்சத்து வெந்நீரை உறிஞ்சிப் பருத்துக் குழையும் தருணம் பார்த்துப் பானையை இறக்கி, கவைக்கோலால் அசையாமல் பிடித்துக்கொண்டு, மரத்துடுப்பால் வலுவாகக் கிளறுவர். முன்கூட்டிக் கிளறினால் கட்டி கட்டும். காலந்தாழ்த்தினால் அடிப்பிடிக்கும். நீரின் அளவைச் சொல்லும் படியும் இல்லை. வேகும் நேரத்தைக் காட்டும் கடிகாரமும் இல்லை. கொதி மாறும் ஓசையும் மாவு வெந்த மணமுமே அளவுகோல்கள்.

கிளறிய களியை நீர் தொட்ட கையால் உருட்டித் தட்டில் வைத்து, நடுவே குழி செய்து, கீரைக் கடைசலோ அவரைக்கொட்டைக் குழம்போ கருவாட்டுக் குழம்போ ஊற்றுவர். சிறிது சிறிதாகக் கிள்ளிக் குழம்பில் தோய்த்து மெல்லாமல் விழுங்குவதே முறை. களி ஆறினால் இறுகிவிடும். ஆகையால் கிளறியவரும் உண்பவரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருந்தாக வேண்டும். அயலூரில் தனி அறையில் வாழ்பவருக்கு உண்மையில் கிடைக்காமல் போவது இந்த உடனிருப்பே.

கடல் கடந்த இலை

பிரித்தானியப் பேரரசில் அடிமைமுறை 1834ஆம் ஆண்டு முடிவுக்கு வந்தபின், கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் பெருமளவில் கொண்டுசெல்லப்பட்டனர். சென்னையிலிருந்து புறப்பட்ட ‘துரூரோ’ என்னும் கப்பல் 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அங்கே அவர்கள் விரும்பியதைச் சமைக்க வழியில்லை. முதலாளி அளந்து கொடுத்ததைச் சமைக்கவே முடிந்தது. ஆயினும் மாரியம்மனுக்குக் கூழ் வார்க்கும் வழக்கத்தை அவர்கள் விடவில்லை. கேழ்வரகின் இடத்தில் மக்காச்சோள மாவு அமர்ந்தது. தானியம் மாறியது, கூழ் மாறவில்லை.

மொரீசியசுத் தமிழர் விழா நாள்களில் வாழையிலையில் ஏழு கறி படைத்து உண்கின்றனர். தமிழ்ப் பேச்சு குறைந்துவிட்ட குடும்பங்களிலும் ‘ரசோன்’ என்ற பெயரில் நம் இரசம் கொதிக்கிறது. மலேசியத் தெருக்களில் தேங்காய்த் துருவலும் வெல்லமும் தூவி விற்கப்படும் ‘புட்டு மாயம்’ நம் இடியாப்பமே. மொழி மறந்த வீட்டிலும் சமையற்சொல் மறப்பதில்லை என்பதற்கு இவை சான்றுகள்.

திரும்பி வந்தவர்களின் ஏக்கம்

ஊரை விட்டுச் சென்றவர்கள் மட்டும்தாம் ஏங்குவார்கள் என்பதில்லை. ஊர் திரும்பியவர்களும் ஏங்குவார்கள். பர்மாவில் 1962ஆம் ஆண்டு இராணுவ ஆட்சி ஏற்பட்டபின் கடைகளும் தொழில்களும் நாட்டுடைமை ஆக்கப்பட்டன. தலைமுறைகளாக அங்கு வாழ்ந்த தமிழர்கள் பெருந்திரளாகத் தாயகம் திரும்பினர். சொத்தைக் கொண்டுவர முடியாதவர்கள் சுவையைக் கொண்டுவந்தனர். சென்னைத் துறைமுகத்தை ஒட்டிய பர்மா பஜார்ப் பகுதியில் இன்றும் ‘அத்தோ’, ‘மொய்ங்கா’ விற்கும் தள்ளுவண்டிகளைக் காணலாம். தாயகத்தில் நின்றுகொண்டு இரங்கூனுக்காக ஏங்கிய நாக்கின் நினைவுச்சின்னங்கள் அவை.

இலங்கையின் மலையகத் தோட்டங்களிலிருந்து 1964ஆம் ஆண்டு சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின் வழியாகத் தமிழகம் வந்தவர்களின் கதையும் இத்தகையதே. நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய அவர்களின் வீடுகளில், தேங்காய்ப்பூ சேர்த்துத் தட்டிச் சுட்ட ரொட்டியும் இடித்த சம்பலும் காலை உணவாயின. அரசின் ஆவணம் அவர்களைத் தாயகம் திரும்பியோர் என்று குறித்தது. அவர்களின் அடுப்போ அவர்கள் விட்டுவந்த ஊரையும் சேர்த்தே நினைவில் வைத்திருந்தது.

தெரிந்து தெளிவோம்

ஆஸ்திரேலியர்கள் அயல்நாட்டில் வாழும்போது தேடும் பொருள்களுள் முதன்மையானது ‘வெஜிமைட்’. மதுவடிப்பில் எஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து செய்யப்படும் இக்கரிய குழம்பு 1923ஆம் ஆண்டு மெல்போர்னில் விற்பனைக்கு வந்தது. உப்பும் கசப்பும் மிகுந்த இதனைப் பிற நாட்டார் முகஞ்சுளித்தே சுவைப்பர். குழந்தைப் பருவம் முதல் ரொட்டியில் தடவி உண்டவர்களுக்கோ அது தாய்வீட்டுச் சுவை. 1964இல் அறிமுகமான ‘டிம் டாம்’ என்னும் சாக்லேட் பிஸ்கட்டும், ஓட்ஸில் செய்யும் ‘அன்சாக்’ பிஸ்கட்டும் அவர்களின் பயணப் பெட்டியில் இடம்பெறுவன. ஆஸ்திரேலியாவுக்குச் செல்லும் தமிழர் தம் பெட்டியிலுள்ள உணவுப் பொருள்களை அந்நாட்டு விமான நிலையத்தில் கட்டாயம் அறிவிக்க வேண்டும். அந்நாட்டின் பயிர்களையும் விலங்குகளையும் நோய்களிலிருந்து காப்பதற்காக ஏற்பட்ட விதி இது.

ஏக்கத்தின் மறுபக்கம்

இங்கே ஓர் உண்மையை மறைக்கலாகாது. களி எப்போதும் விரும்பி உண்ணப்பட்ட உணவாக இருக்கவில்லை. நெற்சோறு பண்டிகை நாளின் உணவாக இருந்த காலத்தில் களி வறுமையின் அடையாளமாகக் கருதப்பட்டது. மூன்று வேளையும் அதையே உண்டு வளர்ந்த முதியவர் ஒருவர், ‘களிக்கு ஏங்குகிறேன்’ என்று கூறும் நகரவாசியைப் பார்த்து வியப்படைவது இயல்பே. தொலைவு சிலவற்றை அழகாக்கிவிடுகிறது. ஆகவே, நாம் ஏங்குவது அவ்வுணவுக்கா, அதை உண்ட நாளில் உடனிருந்தவர்களுக்கா என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.

காலம் இன்று திரும்பியிருக்கிறது. நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கும் மேற்பட்ட சுண்ணாம்புச்சத்து இருப்பதாக உணவு ஆய்வுகள் காட்டுகின்றன. ஐக்கிய நாடுகள் அவை 2023ஆம் ஆண்டைப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதே ஆண்டில் தருமபுரி, நீலகிரி மாவட்டங்களின் நியாயவிலைக் கடைகளில், அரிசியின் ஒரு பகுதிக்கு மாற்றாக 2 கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. நகரத்து உணவகங்கள் களி உருண்டையை விலைக்கு விற்கின்றன.

ஆயினும், நம் வகுப்பறைகளில் நண்பகல் உணவு வேளையைக் கவனித்தால் வேறொன்று புலப்படும். இரவில் வீட்டில் களி உண்ட மாணவர், பகலில் அதனைப் பள்ளிக்குக் கொண்டுவரத் தயங்குகிறார். எவரோ ஒருவர் எப்போதோ சிரித்த சிரிப்பு அதற்குக் காரணமாக இருக்கலாம். தொலைவால் வரும் ஏக்கத்தைப் பயணச்சீட்டு ஒன்று தீர்த்துவிடும். வெட்கத்தால் வரும் இழப்பை அவ்வாறு தீர்க்க இயலாது. உண்ண வெட்கப்பட்ட உணவைக் கற்றுக்கொள்ள எவரும் முன்வருவதில்லை; கற்காதது ஒரே தலைமுறையில் மறைந்துவிடும்.

பென்னாகரத்துச் சிற்றூர்களில் பெற்றோர் வெளியூரில் உழைக்க, தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் பலர் இருக்கின்றனர். பெற்றோர் எந்தச் சுவைக்காக அங்கே ஏங்குகின்றனரோ, அந்தச் சுவையின் அருகில் இங்கே அப்பிள்ளைகள் வாழ்கின்றனர். பாட்டியின் ‘ஒரு கைப்பிடி’, ‘கண்ணளவு’, ‘கொதி அடங்கும்வரை’ என்னும் அளவுகள் எந்நூலிலும் இல்லை. அவர் அருகில் அமர்ந்து பார்த்தவர்க்கு மட்டுமே அவை உரியவை.

நாளை நம்முள் பலர் படிப்புக்கும் பணிக்கும் வெகுதொலைவு செல்வோம். செல்ல வேண்டியதுதான். அதியமானின் முன்னோர் கரும்பைக் கொண்டுவந்தனர். டர்பன் சென்றவர்கள் கூழைக் கொண்டுசென்றனர். பர்மாவிலிருந்து வந்தவர்கள் அத்தோவைக் கொண்டுவந்தனர். நாம் எதைக் கொண்டுசெல்லப் போகிறோம் என்பது, இன்று மாலை அடுப்பருகில் நாம் எதைக் கற்கிறோம் என்பதைப் பொறுத்தது.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் வீட்டு முதியவரிடம் கேட்டு, அவருடைய இளமைக் காலத்து உணவு ஒன்றின் செய்முறையை, அவர் கூறும் அளவுச் சொற்களிலேயே எழுதுக.

2. வெளியூரிலோ வெளிநாட்டிலோ வாழும் உறவினர் ஒருவர் ஊரிலிருந்து கொண்டுசெல்லும் பொருள்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் அவர் கூறும் காரணத்தைத் தொகுத்து வகுப்பறையில் பகிர்க.

3. ‘நம் உணவு என்பது நம் நிலத்தில் பிறந்ததா, நம்மோடு வாழ்ந்ததா?’ என்னும் தலைப்பில் கலந்துரையாடுக.